எண் அழித்த வள்ளம்

"மூணாம் படம் ஜெயிச்சாச்சு. மத்த ரெண்டையும் தூக்கிரலாமா?"

நம் அலுவலகக் குழுவில் ஐப்பசி மூன்றாம் திங்கட்கிழமை, மலையாளக் கணக்கில் துலாம், காலைத் தேநீருக்கு முன் வந்த செய்தி இது. அனுப்பியவன் ஜெபின். அப்போது அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆண்டை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டியதாக ஆகிவிடும். நாள் குறிக்காமல் விடமாட்டேன் என்று என்னைக் கேலி செய்யும் உங்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்கள் ஒரு குறை சொல்வதாகக் கேள்விப்பட்டேன். ஒவ்வொரு படத்தையும் நம் சேமிப்பில் ஏற்றும்போது 'எடுத்த நாள்', 'எடுத்த இடம்' என்ற இரண்டு கட்டங்களை நிரப்பாவிட்டால் கணினி ஏற்றுக்கொள்வதில்லை, அது அக்கா விட்டுப்போன தொல்லை என்று. தொல்லைதான். அது எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

களியக்காவிளையில் மசாலாப் பொடி அரைக்கும் ஒரு முதலாளி நம் வாடிக்கையாளர். மீன்குழம்புப் பொடிக்கு இணையத்தில் விளம்பரப் பட்டை வேண்டும் என்றார். செய்தித் தளங்களில் செய்திக்கு நடுவே வரும் பட்டை. இரண்டு படங்களைச் சோதனைக்குப் போட்டோம். ஒன்று, மண்சட்டியில் கொதிக்கும் சிவந்த குழம்பு. மற்றது, கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை குழம்பில் கரண்டி விடுவது. எது அதிகம் தொடப்படுகிறதோ, அதாவது 'கிளிக்' ஆகிறதோ, அதையே அதிகம் பேருக்குக் காட்டும்படி கணினி தானாகவே பங்கை மாற்றிக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்த விஷயம். இரண்டும் மந்தமாக ஓடின. கை கொஞ்சம் முந்தியது, பிறகு சட்டி முந்தியது, எதிலும் உயிர் இல்லை.

சோதனை ஓடிய அந்த வாரம் வியாழக்கிழமை புயல் அடித்தது. சுசீந்திரம் பக்கம் எங்கள் வயல்களில் பயிர் சாய்ந்து, வாழை ஒடிந்து, மின்சாரம் போனது. எங்கள் துக்கம் அதோடு நின்றது. கடற்கரையில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் ஊரிலிருந்து கடற்கரைக்குப் பேருந்தில் சிறிது நேரம்தான். ஆனால் எனக்குக் கடற்கரையில் பெயர் சொல்லி அழைக்க ஒரு ஆள் கிடையாது. வயல்காரர்களான எங்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான். மீன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும், நாங்கள் போகமாட்டோம்.

சனிக்கிழமை பிற்பகல் ஜெபின் மூன்றாவது படத்தைச் சேர்த்தான். கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் தான் எடுத்த இயற்கைக் காட்சிகளை அவ்வப்போது நமக்கு விற்பார். அன்று மதியம் அவர் அனுப்பிய தொகுப்பில் ஒரு வள்ளம் இருந்தது. கரையில் ஏற்றிய நீல நிற ஃபைபர் வள்ளம், பின்னால் கடல். வள்ளத்தின் முகப்பில் ஒட்டுப்போட்டு அதன்மேல் பச்சை அடித்திருந்தது. பக்கவாட்டில் பதிவு எண். யாருடைய உடைமை என்று அடையாளம் தெரியும் எதையும் விளம்பரத்தில் வைப்பதில்லை என்பது நம் வழக்கம். வடிவமைப்பாளர் எண்ணை அழித்து, மணலுக்குக் கொஞ்சம் பொன்னிறம் ஏற்றினார். மேலே 'கடல் ருசி' என்று இரண்டு சொல். நன்றாகவே இருந்தது.

திங்கள் காலை நான் படியேறி வந்தபோது அறையே துள்ளிக்கொண்டிருந்தது.

"அக்கா, மூணாமத்தது பிச்சு உதறுது, பாத்தியளா?" என்றான் ஜெபின். "நம்ம ஆபீஸ் சரித்திரத்திலேயே இப்படி ஒண்ணு ஓடல்ல. முதலாளி இனி சட்டியையே விட்டுட்டு வள்ளத்தில குழம்பு வைப்பாரு."

திரையைப் பார்த்தேன். தொட்டவர் எண்ணிக்கையைக் காட்டும் கோடு சுவரில் பல்லி ஏறுவதுபோல நேராக ஏறியிருந்தது. கணினி ஏற்கெனவே பெரும்பங்கை வள்ளத்துக்குக் கொடுத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். என்னால் உட்கார முடியவில்லை.

"பொடி எத்தன பேரு வாங்கினாவ?"

"அது பொறவு வரும்லா அக்கா."

"ஒருத்தராவது?"

அவன் தேடினான். ஒருவரும் இல்லை. தொட்டவர்கள் மசாலாப் பக்கத்துக்குப் போய், பார்த்த மாத்திரத்தில் திரும்பியிருந்தார்கள். போனவர்களே மறுபடி மறுபடி வந்திருந்தார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பட்டியலில் மேலிருந்து கீழ்வரை கடற்கரை ஊர்கள். சட்டியையும் வளையல் கையையும் தொடாத ஊர்கள்.

"கடக்கரைக்காரங்களுக்கு மீன்குழம்புப் பொடி எதுக்கு, ஜெபின்? அவிய வீட்டிலேயே அரைச்சிருவாவல்லா?"

நான் அந்தப் பட்டை வந்திருந்த பக்கம் ஒன்றைத் திறந்தேன். மேலே புயல் செய்தி. திரும்பாதவர்களைத் தேடும் விவரம். அதற்குக் கீழே, செய்தியோடு வந்த புகைப்படம்போல, நம் வள்ளம். கைபேசித் திரையில் 'கடல் ருசி' என்ற எழுத்து எறும்பளவு. வள்ளம்தான் கண்ணில் படும்.

அப்போது தொலைபேசி அடித்தது. களியக்காவிளையில் ஆர்டர் எடுக்கும் பெண், சஜிதா.

"அக்கா, நேத்தைக்கு இருந்து ஒரே ஃபோன் விளியாக்கும். ஒருத்தரும் பொடி கேக்கல்ல. 'அந்த வள்ளம் எங்க நிக்குது, நம்பர் என்ன'ன்னு கேக்கினும். நான் தெரியாதுன்னு வச்சிருவேன். ஒரு அக்கா மட்டும் வைக்க விடமாட்டங்கா. உங்க நம்பரைக் குடுத்தேன். ஏசாதீங்க."

ஏசுவதற்கு நேரம் இல்லை. அடுத்த அழைப்பே அந்தப் பெண்.

"நான் ஸ்டெல்லா. கடக்கரையில இருந்து பேசுறேன். அந்தப் படம் போட்டது நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அது எங்க வள்ளம்க்கா. முன்னால பச்ச இருக்குல்லா? ஃபைபர் கீறி ஒட்டுப் போட்டப்ப நீலப் பெயின்ட் தீந்துபோச்சு. இருந்த பச்சைய அடிச்சுட்டு வந்து நின்னாரு. 'நல்ல பொடவையில வேற துணி வச்சுத் தைச்ச மாதிரி இருக்கு'ன்னு நான் சண்ட பிடிச்சேன். ஆனா நம்பரக் காணல்ல. நம்பர் எங்க?"

"நாங்க அழிச்சோம்."

"எதுக்கு அழிச்சிய?"

விளம்பர வழக்கத்தை அந்த நேரத்தில் விளக்கிப் பாருங்கள். நான் விளக்கவில்லை. ஜெபினை மூலப் படத்தைத் திறக்கச் சொல்லி, எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தேன். பாதி வாசிக்கும்போதே மீதியை அவள் சொல்லிவிட்டாள். பின்னால் பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். கோயில் வளாகத்தில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எண் இல்லாததால் அங்கே இருந்த ஒவ்வொருத்தியும் அந்த நீல வள்ளத்தைத் தன் வீட்டு வள்ளமாக இருக்குமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். நாங்கள் 'ஜெயித்தது' என்று துள்ளியது அதற்காக.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் படம் என்னைக்கு எடுத்தது?"

அவள் ஏன் கேட்கிறாள் என்று உடனே புரியவில்லை. அவளே சொன்னாள். கணவனும் வேறு மூன்று பேரும் புதன்கிழமை அந்த வள்ளத்தில் போனவர்கள். கேரளப் பக்கத்து மருத்துவமனைகளில் பெயர் தெரியாமல் கிடக்கிறவர்களை அடையாளம் பார்க்க, ஊரிலிருந்து மூன்று மணிக்கு ஒரு வேன் போகிறது. வீட்டுக்கு ஒரு ஆளுக்கு இடம். படம் புயலுக்கு முன் எடுத்தது என்றால் அவள் வேனில் ஏற வேண்டும். புயலுக்குப் பின் எடுத்தது என்றால் வள்ளம் எங்கோ கரையேறியிருக்கிறது, ஆட்களும் அந்தப் பக்கத்தில் இருக்கலாம். அப்படியென்றால் ஆட்டோ பிடித்துக் கரை கரையாகப் போய்த் தேட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான்.

"விசாரிச்சு மூணு மணிக்கு முன்னால நானே கூப்பிடுறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் விசாரிப்பது என்று யோசித்தேன்.

கோப்பில் சனிக்கிழமை என்று இருந்தது. ஜெபின் முகம் மலர்ந்தது. ஆனால் அது நம்மிடம் ஏற்றிய நாள். படத்துக்குள் கேமரா பதித்த தேதியைத் தேடினோம். அது எத்தனையோ வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியைக் காட்டியது. புகைப்படக்காரரை அழைத்தோம். எடுத்தார். பின்னால் கெட்டிமேளம்.

"அக்கா, தாலி கெட்டுற நேரம். பொறவு விளிக்கேன்."

வைத்துவிட்டார். சுசீந்திரத்தில் கல்யாணமாம். அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று நான் குறிக்கவில்லை. குறிக்காமல் விட்டதே என் நிலையைச் சொல்லும். நான் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே லாரிகள் ஒலி எழுப்பிக்கொண்டே நின்றன. மூலப் படத்தைப் பெரிதாக்கி நிழலைப் பார்த்தேன், மணலில் கால்தடம் பார்த்தேன், ஈரம் பார்த்தேன். காலைநேரம் என்பது மட்டும் தெரிந்தது. எந்தக் காலை என்று நிழல் சொல்லாது.

படக்காரர் அழைத்தார். ஸ்டெல்லாவின் விஷயத்தைச் சொன்னேன்.

"கடக்கரைக்கு ரெண்டு தடவ போனேன். போன வாரம், புயலுக்கு முன்னால, ஒரு நிச்சயதார்த்த ஜோடிய வச்சு எடுக்க, ஸ்டெல்லா சொல்லுற அந்தப் பக்கம்தான். பொறவு சனிக்கிழம காலையில, புயல் அடிச்ச கரைய எடுக்கலாம்னு மேற்கால நாலஞ்சு எடத்துல நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். ரெண்டையும் ஒரே ஃபோல்டர்ல போட்டுட்டேன். கேமராவில தேதி நிக்காது அக்கா, பேட்டரி கழட்டினா போயிரும்."

"இந்தப் படம் எந்தத் தடவ எடுத்தது?"

"வள்ளம் ஒண்ணா ரெண்டா எடுத்தேன்? சத்தியமாத் தெரியல்ல."

அதற்குள் முதலாளியிடம் ஜெபின் விஷயத்தைச் சொல்லியிருந்தான். அவர் என்னிடம் பேசினார்.

"பழைய படம்னு சொல்லீருங்க. பாவம், அவ வேன்ல போவட்டு. இல்லேங்கில் இண்ணைக்கு முழுசும் உங்களைத்தான் விளிப்பா."

தொலைபேசியை வைத்ததும் ஜெபின், "அக்கா, ஒரு காரியம் சொல்லட்டா? சனிக்கிழமன்னு சொல்லுவோம். கோப்புல அப்படித்தானே இருக்கு? அந்த அக்காவுக்கு ஒரு தெம்பா இருக்கும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

இரண்டு பேரும் இரக்கத்தில்தான் சொன்னார்கள். இதை நீங்கள் மறக்கக் கூடாது. நம் தொழிலில் பொய் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. எதிரே இருப்பவருக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது, நம் கையில் பாதிப் பதில் இருக்கிறது, மீதியை நாமே நிரப்பிவிடத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. எதைச் சொன்னாலும் அவள் அதை நம்பி ஒரு வண்டியில் ஏறிவிடுவாள்.

நான் ஸ்டெல்லாவை அழைத்து, தெரிந்ததை அப்படியே சொன்னேன். புயலுக்கு முன்பாக இருக்கலாம், சனிக்கிழமையாகவும் இருக்கலாம், எடுத்தவருக்கே நினைவில்லை, எங்களுக்குத் தெரியாது. மூலப் படத்தை அனுப்பியிருக்கிறேன், மணலைப் பார்த்து உங்கள் கரைதானா என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"மண்ணப் பாத்து எப்படிக்கா சொல்லுவேன்? மண்ணு மண்ணாத்தான் இருக்கு." கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். "சனிக்கிழமன்னு சொல்லுங்களேன். வாயாலயாவது சொல்லுங்களேன்."

"தெரியாதும்மா."

அவள் அழுதாள். நான் தொலைபேசியை வைக்கவில்லை. அவள் அழும்போது என் கண் எதிரே அந்தக் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும், எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கரைகளிலும், நம் பட்டை போய்க்கொண்டே இருக்கிறது. யாரும் கேட்காமலே கணினி அந்தக் கரைகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஸ்டெல்லா ஆட்டோவில் போய்க் கேட்க நினைத்த அதே கரைகள்.

"நீங்க வேன்ல ஏறுங்க" என்றேன். "கரை கரையா நாங்க போறோம்."

முதலாளியை மறுபடி அழைத்தேன். உங்கள் கணக்கிலேயே அந்தப் பட்டையை மாற்ற வேண்டும், எண்ணோடு உள்ள மூலப் படத்தைப் போட்டு, இந்த வள்ளத்தைப் பார்த்தவர்கள் அழையுங்கள் என்று எழுத வேண்டும் என்றேன்.

"என் கணக்கில எதுக்கு? புதுசா ஒண்ணு தொடங்குங்க."

"புதுசா தொடங்கினா அது அந்தக் கரையக் கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆவும். உங்களுதுக்கு வழி தெரியும்."

அவருக்குப் பின்னால் சஜிதா யாருக்கோ "தெரியாதுக்கா, எனக்குத் தெரியாதுக்கா" என்று சொல்வது கேட்டது. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"செய்யுங்க" என்றார். "ஆனா கம்பெனி பேரு வேண்டாம். பேரு வச்சா, சாவு வீட்டிலயும் விளம்பரம் வச்சான்னு சொல்லுவினும்."

வடிவமைப்பாளர் எண்ணைத் திரும்ப வைத்தார். மணலின் பொன்னிறத்தை எடுத்தார். 'எங்கே பார்த்தீர்கள்?' என்ற கேள்வி, நம் அலுவலக எண். படத்துக்குக் கீழே என்ன நாள் போடுவது என்று ஜெபின் கேட்டான். "உள்ளதப் போடு" என்றேன். 'எடுத்த நாள் தெரியவில்லை' என்று போட்டான். இத்தனை வருட வேலையில் நமக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதி நான் வெளியே விட்ட முதல் பட்டை அது.

"ரெண்டு விதமா எழுதிச் சோதிச்சுப் பாக்கட்டா அக்கா? எது நல்லாப் போவுதுன்னு?" பழக்கத்தில் கேட்டுவிட்டான். பிறகு தானே தலையில் அடித்துக்கொண்டான்.

தளத்துக்காரர்களின் ஒப்புதல் வர வேண்டும். விற்கும் பொருள் இல்லாத விளம்பரம் என்று திருப்பி அனுப்பிவிடலாம். அறையில் யாரும் உட்காரவில்லை. தேநீர் ஆறியது. ஒருத்தர் திரையைப் புதுப்பிப்பார், இன்னொருத்தர் அவரைத் தள்ளிவிட்டுத் தானும் புதுப்பிப்பார். மூன்று மணிக்குச் சற்று முன் ஒப்புதல் வந்தது. ஸ்டெல்லாவை அழைத்தேன். "ஏறிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

அன்று வந்த அழைப்புகளை ஜெபினும் நானும் மாறி மாறி எடுத்தோம். பாதிப் பேர் தங்கள் வீட்டு வள்ளத்தின் எண்ணைச் சொல்லி, அதையும் போடுவீர்களா என்று கேட்டார்கள். படம் அனுப்பியவர்களுக்குப் போட்டோம். முதலாளி தடுக்கவில்லை. ஒரு அழைப்பை மட்டும் குறித்துச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் பேசிய ஒரு ஆண் குரல். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கரையில், முகப்பில் பச்சை அடித்த நீல வள்ளம் ஒன்றைச் சனிக்கிழமை கண்டதாகச் சொன்னார். எண் பார்க்கவில்லை. எந்தக் கரை என்று ஜெபின் கேட்கும்போதே இணைப்பு அறுந்தது. பிறகு அந்த எண் அணைந்தே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா அழைத்தாள். அவள் தொலைபேசியைக் கைமாற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆணின் குரல், தொண்டை கட்டிய குரல், "அக்கா" என்றது. பெரிய விசைப்படகு ஒன்று வெள்ளிக்கிழமை அவர்கள் நாலு பேரையும் கடலிலிருந்து தூக்கியிருக்கிறது. அந்தப் படகு வடக்கே தன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கே மருத்துவமனை. நாலு பேரின் கைபேசியும் கடலில் போயிற்று. காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு மனைவியின் எண்கூட நினைவில் இல்லை. நம்மில் யாருக்கு இருக்கிறது? வேன் மூன்றாவதாக நின்ற மருத்துவமனையில் ஸ்டெல்லா தன் கணவரைக் கண்டிருக்கிறாள். வள்ளத்தை அவர்கள் அலையிலேயே விட்டுவிட்டு ஏறியவர்கள்.

"அந்தப் பச்சைய வச்சுத்தானாக்கா படத்தில வள்ளத்தக் கண்டுபிடிச்சா?" என்று அவர் கேட்டார்.

"ஆமா."

"இனிமே ஏசமாட்டா" என்றார். பின்னால் ஸ்டெல்லா ஏதோ ஏசியது கேட்டது.

நாங்கள் எதையும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. அவளை வேனில் ஏற்றியதோடு சரி. 'சனிக்கிழமை' என்று சொல்லியிருந்தால் அவள் மேற்குக் கரைகளில் அலைந்திருப்பாள், அவர் மருத்துவமனையில் பெயரில்லாமல் இன்னும் கிடந்திருப்பார். 'பழைய படம்' என்று சொல்லியிருந்தால் வேனில்தான் ஏறியிருப்பாள், அதுவும் உண்மை. ஆனால் வள்ளத்தைத் தேட ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். எந்தப் பொய் நல்ல இடத்தில் கொண்டுவிடும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உங்களுக்கும் தெரியாது.

இனி ஒரு கோடு நேராக ஏறினால், கொண்டாடும் முன் யார் தொடுகிறார்கள், எதைத் தேடித் தொடுகிறார்கள் என்று பாருங்கள். அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதினாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்.

வள்ளம் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பம் கடனில் வேறொன்று எடுத்திருக்கிறது. ஸ்டெல்லா இப்போதும் அவ்வப்போது அழைப்பாள். பேரப்பிள்ளை, மழை, மீன் விலை எல்லாம் பேசிவிட்டு, வைக்கும் முன் கேட்பாள்: "அது தெரிஞ்சுதாக்கா?" சனிக்கிழமை எடுத்தது என்றால் வள்ளம் தானாகவே எங்கோ கரையேறியிருக்கிறது, யார் கையிலோ இருக்கிறது. புயலுக்கு முந்தைய படம் என்றால் அது கடலுக்குள் போயிற்று. புகைப்படக்காரர் கேமராவை விற்றுவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். அவரிடம் மூன்று முறை எழுதிக் கேட்டேன், மூன்று முறையும் அதே பதில். மலையாளத்தில் பேசியவர் மறுபடி அழைக்கவில்லை.

மூலப் படம் நம் சேமிப்பில் இருக்கிறது. அதன் இரண்டு கட்டங்களிலும் ஜெபின் எழுதிய 'தெரியாது'தான் இருக்கிறது. படம் எடுத்த நாள், இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.